அறுபத்தெட்டு கிலோ

ஒரு சக்கரத்தின் சென்சார் ஓட்டத்தில் செத்துப்போனால், மற்ற மூன்று சக்கரங்களை வைத்து அதன் வேகத்தை ஊகித்துக்கொண்டு கார் நேராக நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பிரேக் பிடித்துப் பார்ப்பதுதான் சிங்கராயரின் வேலை. பதினோரு வருஷம் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அளவுகளைக் குறித்தவர் தணிகாசலம். தணிகாசலம் இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, "ஊனிட்டேன், அமுக்கு" என்று சொன்ன பிறகே பிரேக்கை மிதிப்பது அவர்கள் வழக்கம்.

இப்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது. ஆள் வேண்டாம், ஆளின் எடை இருந்தால் போதும் என்று தணிகாசலத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இருக்கையில் அதே அறுபத்தெட்டு கிலோவுக்கு ஒரு மணல்மூட்டையை வைத்து பெல்ட் மாட்டியிருந்தார்கள்.

நனைந்த சோதனைத் தடத்தில் வேகம் எண்பதைத் தொட்டதும் சிங்கராயர் சென்சாரைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தினார்.

"தணிகா, வலது பின்சக்கரம் போச்சு."

பதில் வரவில்லை. மிதித்தார். கார் ஒரு நூல் பிசகாமல் நேராக நின்றது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பையனின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது. "சூப்பர்ண்ணே! சென்சார் போனதே தெரியாத மாதிரி நின்னுடுச்சு. ஆனா நீங்கதான் ஒரு செகண்ட் லேட்டா மிதிச்சிருக்கீங்க. அப்புறம், ஸ்டியரிங்ல ஒரு கைதான் பதிவாயிருக்கு. இன்னொரு கை எங்கண்ணே?"

சிங்கராயர் திரும்பிப் பார்த்தார். அவருடைய இடது கை, மூட்டை முன்னால் சாய்ந்துவிடாதபடி அதன் நெஞ்சைத் தாங்கிக்கொண்டிருந்தது.