சீசன் இல்லாத நாளில் வந்தவர்

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்" என்ற விருந்தாளி, பொரித்த வாளை மீனின் நடுத்துண்டை எடுத்து யாங் தொக்சுவின் சோற்றின் மேல் வைத்தார்.

யாங்கின் கையிலிருந்த கரண்டி சூப்புக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

ஜனவரியில் ஜேஜு தீவுக்கு ஆள் வருவது குறைவு. யாங்கும் அவர் மனைவி மல்சூனும் நடத்திவந்த விடுதியில் நான்கு அறைகளும் காலியாகக் கிடந்தன. போன வாரம் பெக் என்றொரு பெரியவர் மல்சூனுக்குப் போன் செய்து, வேறு யாராவது தங்கியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு ஓர் அறை சொல்லிவைத்தார். நேற்று மாலை வந்து இறங்கியவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இப்போதுதான் குரல் வெளியே வந்திருக்கிறது. யாங்குக்கு இடது காது கேட்காது. வலது காதைத் திருப்பிக்கொண்டு, "என்ன சொன்னீங்க சார்?" என்றார்.

"மீன் ஆறிடும், சாப்பிடுங்கன்னேன்."

சந்தேகமே இல்லை. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் யாங்கின் மீன்பிடிப் படகு புயலில் சிக்கி, வட கொரியக் கரையில் ஒதுங்கித் திரும்பியது. வடக்கின் உளவாளி என்று சொல்லி அவரைப் பிடித்துப் போன தென் கொரியப் போலீஸார், கண்ணைக் கட்டிப் பதினேழு நாள் ஓர் அறையில் வைத்திருந்தார்கள்.

தினமும் ஒரு குரல் கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுக்கும். முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம் என்று சொல்லும். கிண்ணம் காலியானதும் உள்ளங்காலில் இரும்புக் குழாய் இறங்கும். பதினோராவது நாள் காது போயிற்று. பதினேழாவது நாள், செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு ஏழு வருடம் சிறை.

யாங் முள்ளை மட்டும் மிச்சம் வைத்து மீனைத் தின்று முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "கீழ பாறைப் பக்கம் இந்நேரத்துக்கு நல்ல வெயில் அடிக்கும். ஒரு நடை போய்ட்டு வரலாமா சார்?" என்றார்.

"வாங்க, போகலாம்."

கமலா ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் மல்சூன் கத்தரியால் பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் போவதைப் பார்த்துக் கையசைத்தாள். யாங் கொட்டகையில் சாத்தியிருந்த மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டார். பெரியவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று, "பாறை வழுக்கும். இதை ஊணிக்குங்க" என்று நீட்டினார்.

பெக் அந்தக் கட்டையை ஒரு கணம் பார்த்தார். "எனக்கு வேண்டாம். உங்க கையிலயே இருக்கட்டும்."

கரும்பாறைகளில் காலை வைத்ததும் யாங் முதல் அடியை அவர் முழங்காலுக்குப் பின்னால் இறக்கினார். பெரியவர் மடிந்து விழுந்தார்.

"சாப்ட்டாச்சுல்ல? இப்பப் பேசுடா."

அடுத்தது தோளில். அதற்கடுத்தது மணிக்கட்டில் விழுந்தபோது, காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் வந்தது. பெக் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அதுதான் யாங்குக்கு வெறியை ஏற்றியது.

"கத்துடா. நான் கத்துனேன்ல? நீ சிரிச்சியே, ஞாபகம் இருக்கா? கத்து."

நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. யாங் அவர் காலிலிருந்த ஷூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளங்காலைக் குறிவைத்து ஓங்கி ஓங்கி அடித்தார். எண்ணவில்லை. கட்டையில் கீறல் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

மல்சூன் சரிவில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். "ஏங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? வயசானவரு, செத்துகித்துப் போயிடப் போறாரு. விடுங்க."

"இவன்தான் மல்சூன்" என்றார் யாங் மூச்சிரைக்க. "அந்தக் குரல்."

மல்சூனின் பிடி தளர்ந்தது. எந்தக் குரல் என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பயந்து யாங் தூக்கத்தில் அலறும்போதெல்லாம் எழுப்பித் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான்.

அவள் குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ரப்பர் பூட்ஸ் காலால் அந்த வாயிலேயே ஓர் உதை விட்டாள். இன்னொன்று விட்டாள். மூன்றாவதற்குக் காலைத் தூக்கியபோது யாங் கட்டையைப் போட்டுவிட்டு அவளை இடுப்போடு சேர்த்துப் பின்னால் இழுத்தார்.

"என்னை விடுங்க. ஏழு வருஷம் உளவாளி பொண்டாட்டின்னு ஊரே என்மேல துப்புச்சு. வயித்துல இருந்ததும் கலைஞ்சு போச்சு. விடுங்கன்னா."

"போதும் மல்சூன். போதும்டி."

அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். யாங் அவளை விட்டுத் திரும்பினார். கீழே கிடந்தவரைப் பார்த்து, "இத்தனை ஊர் இருக்கு, இத்தனை விடுதி இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு என் வாசல்லயா வந்து விழணும்? உன் கெட்ட நேரம்டா" என்றார்.

பெக் நல்ல கையை ஊன்றி, முக்கி முனகி எழுந்து உட்கார்ந்தார். வாயிலிருந்த பல்லைத் துப்பிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன குளிர்காலமே வந்திருக்கணும் யாங். உங்களுக்கு முன்னாடி நான் தேடிப் போனவர் வீட்டுல ஒடைச்ச என் விலா, கூடறதுக்கு நாளாயிடுச்சு."