பொன்மலைக்கு ஒரு பதில்

பட்டறையில் மூன்று பேர். இரும்படிக்கும் பட்டடைக்கல்லின் ஓரம், தரையில், கடிதத்தோடு அழகிரி. மூலையில் சோறு கொதிக்கும் அடுப்படியில் அவன் மனைவி இருசம்மாள். வாசலை அடைத்துக்கொண்டு முக்காலியில் அவள் அண்ணன் பிச்சமுத்து, மடியில் சுத்தியல். ஆண்கள் இருவரும் கூட்டாக நடத்தும் பட்டறை இது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவந்த வேலைக்கே அழகிரியை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். சம்மதக் கடிதம் இன்று தபாலில் சேர வேண்டும். “சங்கு ஊதினா ஓடுற பொழப்பு வேணாம்னு நீதானே மாப்ளே என்னை இழுத்துவந்தே?” “புள்ளைங்க பசி தாங்கல மச்சான்.” அழகிரி கையெழுத்துப் போடுகிறான். பிச்சமுத்து பாய்ந்துவந்து அந்தக் கையைப் பட்டடைமேல் அழுத்துகிறான். “விரல் இல்லாதவனை வேலைக்கு எந்த டாக்டர் பாஸ் பண்றான், பாப்போம்.” சுத்தியல் உயர்கிறது. கூரைப் பொத்தலில் இறங்கும் வெயில் அதில் பளீரென்று தெறிக்கிறது. இருசம்மாள் கொதிக்கும் பானையை அண்ணன் காலில் கவிழ்க்கிறாள். அலறல். சுத்தியல் பட்டடை விளிம்பில் மோதித் தரையில் விழுகிறது. “கூடப் பொறந்தவன்டி நான்!” தோல் வழன்ற காலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான். “அதனாலதாண்ணே காலோட விட்டேன்.” கடிதத்தை உறையில் போட்டு, ஆவி பறக்கும் தரையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, உறையின் வாயில் நசுக்கி ஒட்டுகிறாள். அண்ணனைத் தாண்டி நடந்து, தெருமுனைத் தபால் பெட்டிக்குள் அதைப் போடுகிறாள்.