மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு

"இல்ல சார். இன்னிக்கு நான் பேசி முடிச்சிட்டுத்தான் எழுந்திரிப்பேன்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே உறைத்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியர். அவருக்கு ஒரு பக்கம் துணைத் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் 'பெரிய டீச்சர்'. மறுபக்கம் சிறப்புக் கல்வி ஆசிரியை, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சின்னப் பெண். மூன்று பேருக்கு எதிரே இவள் ஒருத்தி.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் இல்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பேர் கூப்பிட்டதும் அடித்துக்கொண்டதே, அந்த மாதிரி.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக வந்திருக்கிறாள். குழந்தைக்குச் சத்தம் ஆகாது. மற்றவர்களுக்கு வெறும் சத்தம், அவளுக்கு அது வலி. வீட்டில் மிக்சி போடுவதற்கு முன்னால் அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். பள்ளியில் புதிதாக மாட்டியிருக்கும் மின்சார மணியோ யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அது அலறியதும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அடுத்த பாடம் முழுக்க அங்கேதான்.

இவள் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. குழந்தை வகுப்பில் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் போட்டுக்கொள்ள விட வேண்டும். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே எழுந்து நூலகத்துக்குப் போக விட வேண்டும். அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை குடுத்தா மத்தவங்க என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா... யோசிச்சீங்களா?"

"சலுகை இல்ல சார், தேவை. பார்வை மங்கலா இருக்கற பிள்ளை கண்ணாடி போட்டா அதுக்குப் பேர் சலுகையா? கையில வெச்சு எதைத் துடைச்சுட்டு இருக்கீங்க, கொஞ்சம் பாருங்க."

சின்னப் பெண்ணுக்கு இருமல் வந்தது. பெரிய டீச்சர் மின்விசிறியை இன்றுதான் முதல்முறை பார்ப்பவரைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியர் கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார். "வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா பழக்கலாமே?"

இந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருந்தாள். நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"வீட்டுல அவ அப்பாகிட்ட சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு சார். 'அப்புறம் பேசலாம்'னு பேப்பருக்குள்ள போயிடுவாரு. தோண்டி எடுத்தா, 'வளர்ந்தா சரியாயிடும்'பாரு. அவரை நம்பிப் பிரயோசனம் இல்லன்னுதான் முறைப்படி நேரம் கேட்டு உங்ககிட்ட வந்திருக்கேன்."

தலைமை ஆசிரியரின் காது மடல் சிவந்தது.

நேரம் கேட்டு ஃபோன் செய்தபோது அலுவலகக் கிளார்க் "நீங்களா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். நானேதான், பெற்றோர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஃபோனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஹெட்போன் மாட்டிய முதல் நாள் குழந்தை அடுப்படிக்கே வந்து, மிக்சிக்குப் பக்கத்தில் நின்று, "போடும்மா, பாக்கலாம்!" என்று சவால் விட்டதைச் சொன்னாள். சொல்லும்போது தன்னையறியாமல் மேசையைத் தட்டினாள். அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை.

அப்போது மணி அடித்தது.

சுவரே அதிர்ந்தது. நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்புவதற்கு முன்பே தலைமை ஆசிரியர் திரும்பியிருந்தார்.

எதிரே மூன்றாம் வகுப்பு. கதவு திறந்து பிள்ளைகள் கூட்டமாக வெளியே பாய்ந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, கத்தி, மைதானத்துக்கு ஓடினார்கள். வாசல் காலியாயிற்று.

மணி நின்ற பிறகும் அவர் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேசைக்கு அடியில இருப்பா," என்றார், யாரும் கேட்காமலே.

வென்றுவிட்டோமா, இல்லையா? அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் எழுந்தார்.

கூட்டம் முடிந்தது, அனுப்பப் போகிறார் என்று நினைத்தாள். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டாலும் போவதாக இல்லை.

"பெரிய டீச்சர், இந்த முடிவை நீங்க எடுங்க. நான் எடுத்தா சரியா இருக்காது."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து, இவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையின் கை, அவள் தோளில் உரசியது.

பெரிய டீச்சர் தயங்கவே இல்லை. காலியான தலைமை ஆசிரியரின் நாற்காலிக்கு மாறி நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் கன்னம் உப்பியிருந்தது.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

இந்தக் கட்டடத்துக்குள் அவரைக் குழந்தைகூட 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்று வருஷமாக அது அவர் போட்ட சட்டம்.

அவர் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவர் கை இவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"என் பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார்.