ஒரே ஒரு வினாடி

"ஒரு செகண்ட்! ஒரே ஒரு செகண்டுக்காக ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்புவாங்களா? நீங்களே சொல்லுங்க அங்கிள்!"

தேக்கா சந்தையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அப்துல் அலீம், காலையிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். தேசிய ரக்பி அணியில் சஞ்சீவனுக்கு இடமில்லை என்று நேற்று அறிவித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டுக்காக நாற்பத்தொன்பது ஆட்டம் ஆடியவன். ஐம்பதாவது ஆட்டம் அடுத்த மாதம், இதே ஊரில். உடற்தகுதி ஓட்டத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமாம். ஒரு வினாடி கூடிவிட்டதாம்!

பாலும் சீனியும் போடாத தே ஓ கேட்டு உட்கார்ந்த பெரியவர், கடைக்குப் புதியவர். குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு செகண்ட் எண்டாலும் லேட், லேட்தானே தம்பி?"

அலீமுக்குச் சுருக்கென்றது. "என்ன அங்கிள் இப்படிப் பேசுறீங்க? உடைஞ்ச மூக்கோட கடைசி வரைக்கும் ஆடினவன் லா அவன்! மூணு தடவை உடைஞ்சிருக்கு."

"ரெண்டு தடவை. மூணாவது தோள்பட்டை."

"ஆஹா, நீங்களும் நம்ம ஆளுதான்! அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

சஞ்சீவனை அணியில் சேர்க்கச் சொல்லும் ஒரு மனுவை அலீம் நீட்டினார். செங்காங்கில் அவர் குடியிருக்கும் புளோக்கில் லிஃப்ட் கெட்டுப்போனபோது எழுதிய மனுவைப் பார்த்துத் தட்டச்சு செய்தது. பெயர், கையெழுத்து, காரணம் என்று மூன்று கட்டங்கள். அதற்குள் இருநூற்றுப் பதினொரு பேர் போட்டிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் பலர் 'சிங்கம்' என்று எழுதியிருக்க, ஒருவர் மட்டும் 'அலீம் பாய் விடமாட்டேங்கிறார்' என்று உண்மையை எழுதியிருந்தார்.

பெரியவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

"அந்த ஸ்டாப்வாட்ச்சைப் பிடிச்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்," என்று பொருமினார் அலீம். "அவனுக்குக் கை நடுங்கியிருக்கும்."

"நடுங்கேல்லை. நான்தான் பிடிச்சது."

பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. அலீம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம்... கொஞ்சம் முன்னாடி அமுக்கியிருந்தா யாருக்குத் தெரியும் அங்கிள்?"

"அவனுக்குத் தெரியும்." பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூச்சு வாங்க நேரே என்னட்டத்தான் வந்தான். எவ்வளவு எண்டு கேட்டான். சொன்னேன். சுத்தி நிண்டவங்க, ஒரு செகண்ட்தானே, விட்டுடலாம் எண்டாங்க. அவன்தான் 'உள்ளபடி எழுதுங்க' எண்டு பேனாவை எடுத்து என் கையில தந்தான். இந்த ஊர்ல இப்படி ஒரு ஆட்டக்காரன் இருக்கிறானே எண்டு நினைச்சா, எனக்கு அவ்வளவு பெருமை தம்பி!"

"பெருமையா? அவனோட ஐம்பதாவது ஆட்டத்தை உங்க கையாலயே பறிச்சிட்டு, இங்க வந்து பெருமைப்படுறீங்களா?" பாதி குடித்திருந்த கோப்பையை அலீம் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "எழுந்திரிங்க. உங்களுக்கு இங்க தே ஓ கிடையாது."

பெரியவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மனுவின் கடைசி வரியில் நிதானமாக எதையோ எழுதினார். குடையை எடுத்துக்கொண்டு, வெயிலில் அதை விரிக்கவும் மறந்து நடந்து போனார்.

"ஒரு செகண்ட் லேட்டுன்னு எழுதுறதையும் எழுதிட்டு, இதுல கையெழுத்து வேற! கிண்டலா பண்றாரு?" அலீம் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.

பெயர்: ஜேசுதாசன்.

காரணம்: 'நாற்பத்தொன்பது ஆட்டத்தையும் பார்த்துவிட்டேன். ஐம்பதாவதையும் பார்க்க ஆசை. அவன் என் மகன்.'