செல்லாத பட்டம்

“கீழே கார் வந்து நிக்குது. சீக்கிரம் சாமான் ரூமுக்குள்ள போ,” என்று மரிசெல்லின் தோளைப் பிடித்துத் தள்ளினாள் பள்ளி முதலாளி சல்தனத்.

பலகையில் பாதி எழுதிய வாக்கியம் அப்படியே நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு வந்திருக்காங்க, அக்கா?”

“கல்வி அமைச்சகத்துலேர்ந்து. வெளிநாட்டு டீச்சருங்க எல்லாம் நிஜமா என்ன படிச்சிருக்காங்கன்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா நுழையறாங்க. போன வாரம் ஒருத்தனை வகுப்புலேர்ந்தே ஏர்போர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. கதவைத் திறந்து கேட்டா என்ன சொல்லுவே?”

“கூட்டிப் பெருக்குறவள்னு சொல்லுவேன்.”

“அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. இங்கிலீஷ் வாயிலயே வரக்கூடாது.”

சாமான் அறைக் கதவு சாத்தப்பட்டது. பிஷ்கெக் நகரின் ஜனவரிக் குளிரில் அந்த ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் வெப்பக் குழாய் எட்டாத அறை அது ஒன்றுதான். மடக்கி அடுக்கிய நாற்காலிகளுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் மரிசெல் குந்தி உட்கார்ந்தாள். செல்போன் ஞாபகம் வந்து, பதறி எடுத்து அணைத்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து மகள் கூப்பிடும் நேரம்.

அங்கே கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள் அவள். ஆங்கிலத்தில் முதுகலை. இங்கே வந்த முதல் வாரமே சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு அமைச்சகத்துக்குப் போன சல்தனத், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

“உன் பட்டம் இங்க செல்லாதாம். கண்ணுல பட்டா அனுப்பிருவாங்க. நான் பார்த்துக்கறேன். நீ கொடுக்கறதை வாங்கிக்கிட்டு சத்தமில்லாம இரு.”

அன்றிலிருந்து பாதிச் சம்பளம். வாசல் விளம்பரப் பலகையில் சிரிப்பது அமெரிக்காக்காரன் கிரெக். தன் ஊரில் கூரை போடும் வேலை பார்த்தவன், மலையேற வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். பெற்றோர் வந்தால் அவன் கை குலுக்குவான். பாடம் நடத்துவது மரிசெல். “இது ஏன் இப்படி வருதுன்னு பசங்க கேட்டா நான் என்ன சொல்ல?” என்று தன் தாய்மொழியைப் பற்றியே அவளிடம் வந்து நிற்பான்.

வெளியே பூட்ஸ் சத்தம். ஒரு ஆண், ஒரு பெண். ருஷ்ய மொழி இப்போது அவளுக்கு நன்றாகவே புரியும்.

“டீ குடிச்சிட்டுப் பேசலாமே,” என்று குழைந்தாள் சல்தனத்.

“அப்புறம் பார்க்கலாம். இவரு என்ன படிச்சிருக்காரு?” பெண் குரல்.

“கூரை போடுவேன்,” என்று தனக்குத் தெரிந்த ருஷ்ய மொழியில் கிரெக் உண்மையைச் சொல்லிவிட்டான்.



“இவரு விஷயம் எங்களுக்குத் தெரியும்மா. மரிசெல் சலாசார் எங்க?”

மரிசெல் நாற்காலிகளுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். தன் பெயர். முழுப் பெயர். தேடி வந்திருப்பது அவளைத்தான்.

“ஊருக்குப் போயிருக்கா.”

“போன தடவையும் அதையே சொன்னீங்க. அதுக்கு முன்னாடி உடம்பு சரியில்லன்னீங்க.”

“நிஜமாத்தான்மா. அவங்க அம்மாவுக்கு ரொம்ப முடியல.”

தனக்காக இவ்வளவு பொய் சொல்கிறாளே என்று மரிசெல்லுக்குக் கண் கலங்கியது. சம்பளத்துக்காக மனசுக்குள் இவளைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து உறுத்தியது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து முழங்கால் நாற்காலியில் இடிக்க, ஒன்று சரிந்து விழுந்தது.

“அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன?” ஆண் குரல் கேட்டது.

“பழைய சாமான். எலி இருக்கும்.”

பூட்ஸ் நெருங்கியது. கைப்பிடி திரும்பியது. வெளிச்சம் கண்ணில் அடித்தது.

மரிசெல் எழுந்து நின்றாள். கால்கள் மரத்துப்போயிருந்தன. விமான நிலையம், வெறும் கையோடு போய் இறங்கும் வீடு, மகளின் முகம் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின.

“யாரும்மா நீ?” என்று கேட்டாள் பெண் அதிகாரி.

“இங்க கூட்டிப் பெருக்கறேங்க.”

“இங்க மரிசெல்னு ஒரு டீச்சர் இருக்காங்களே, பார்த்திருக்கியா?”

“இல்லீங்க. அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க.”

அந்தப் பெண் அதிகாரி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு சலிப்போடு உடன் வந்தவரிடம் திரும்பினாள்.

“இதுக்கு மேல காத்திருந்து பிரயோஜனமில்ல. இன்னிக்கே பூட்டி சீல் வெச்சிருங்க. இவங்க காட்டின பட்டங்கள்ல செல்லுபடியானது அந்த மரிசெல்லோடது ஒண்ணுதான். அதை நம்பித்தான் இந்தப் பள்ளிக்கே அனுமதி குடுத்தோம். அவங்களே இங்க இல்லன்னா அப்புறம் என்ன பள்ளிக்கூடம்?”

மரிசெல்லுக்கு முதலில் விளங்கவில்லை. மெதுவாகத் திரும்பி சல்தனத்தைப் பார்த்தாள்.

சல்தனத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இத்தனை நாளில் வாயில் வராத மரியாதையோடு கெஞ்சினாள்:

“மரிசெல் டீச்சர்... நீங்கதான்னு சொல்லிடுங்க டீச்சர்.”