லாசாலுக்கு ஆகாய வழியாக

"சும்மா கதைக்குச் சொன்னனான் அண்ணை! அதுக்காக உண்மையாவே பிளேனிலை ஏத்துறதோ?"

புல்தரையில் நின்று கத்தரின் கத்துவது கேட்டது. அதற்குள் அவள் தம்பி அருமைராசா பின் இருக்கையில் ஏறி, வாரையும் பூட்டிவிட்டான்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அவள் வாய் செய்த வேலை. நகரத்தின் மறுகோடியில், லாசாலில் ஒரு மெழுகுதிரிக் கம்பனியில் தம்பிக்கு வேலை கிடைத்திருந்தது. அவர்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து இரண்டு மெட்ரோ, ஒரு பஸ். தனியாகத்தான் போவேன் என்று அவன் ஒரே பிடி.

"கனடாவுக்கு வந்து மூண்டு மாசம். பிரெஞ்சிலை ஒரு சொல்லுத் தெரியாது. நீ தனிய லாசாலுக்குப் போறதெண்டால் பிளேனே ஓட்டலாம்" என்றாள் நக்கலாக.

மேல்மாடிச் சிவானந்தம் அப்போது அவர்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பிலிருந்து அறுபதுகளிலேயே விமானப் பொறியியல் படிக்க வந்தவர். படையினரைப் பழக்குவதற்கென்று அந்தக் காலத்தில் கட்டிய இரட்டை இறக்கை விமானம் ஒன்றை, எட்டு வருடம் மினக்கெட்டுத் திருத்தி ஓட்டுகிறவர்.

"அப்ப ஓட்டட்டும்" என்றார் அவர்.

ஒரு கிழமையாக அருமைராசாவுக்குக் குசினிக் கதிரைதான் பழகும் விமானம்; முழங்கால்களுக்கு நடுவே, ஓட்டும் தடிக்குப் பதிலாகத் தும்புத்தடி.

"சரி, பந்தயச் சட்டத்தை நீயே சொல்லு தங்கச்சி" என்றார் சிவானந்தம், இப்போது விமானத்தின் முன் இருக்கையில் இறங்கிக்கொண்டே.

"ரெண்டு பத்து ஜெபமாலை. அவன் சொல்லி முடியுமட்டும் கோணாமல் போகவேணும். நீங்கள் தொடக்கூடாது. வெண்டால் திங்கக்கிழமை வேலைக்குத் தனியப் போகட்டும்."

"ஓட்டமாச் சொல்லிப்போடுவானே!"

"மாட்டான். மாதாவுக்குப் பயந்தவன்."

விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடியது. திடீரென்று குலுக்கம் நின்றது. மண் கைவிட்டுவிட்டது என்று அருமைராசாவுக்கு விளங்கியது.

காதோடு பொருத்திய பேச்சுக்குழாயில் சிவானந்தம் வந்தார். "முதல்லை இதைத் திறந்தபடிதான் கட்டினவங்கள். இங்கத்தைப் பனியிலை பழக வந்த பெடியளுக்குக் காது விறைச்சுப் போச்சாம். பேந்துதான் கண்ணாடி மூடி வந்தது. இண்டைக்கு வெயில் எண்டு திறந்து விட்டிருக்கிறன்."

"பிளேனுக்கும் விண்டர் கோட்டோ!"

"கேள். மேல் செட்டையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினவங்கள். ஏன் சொல்லு? முன்னாலை இருக்கிற வாத்தியார் பரசூட்டோடை வெளியிலை பாயிறதுக்கு."

"அப்ப பின்னாலை இருக்கிறவன்?"

"அவன் தன்ரை பாட்டைப் பாக்கவேண்டியதுதான்!" சிரித்தார். "பேந்து பின் சீற்றுக்குத் துணியாலை ஒரு கூடு செய்தாங்கள். வெளியைப் பாராமல் ஓட்டப் பழக்க. மேகத்துக்குள்ளை போனால் கண்ணை நம்பேலாதெல்லோ? இண்டைக்கு உனக்கும் அந்தப் பாடந்தான். நான் கையை எடுக்கிறன்."

"உண்மையா எடுத்திட்டியளோ?"

"ரெண்டு கையும் தலைக்கு மேலை. தொடங்கு."

அவன் சொல்லத் தொடங்கினான். வலக்கையில் ஓட்டும் தடி, இடக்கையில் மணிகள். இறக்கைகளை இழுத்துக் கட்டிய கம்பிகள் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தன. விமானத்தின் மூக்குத் தாழ்ந்தால் சுருதி ஏறும், நிமிர்ந்தால் இறங்கும் என்று சிவானந்தம் சொல்லியிருந்தார். காற்று இரண்டு கன்னங்களையும் ஒரே அளவாகத் தடவியது. வெயில் மடியில் பூனைபோலப் படுத்திருந்தது. முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒன்றாகிவிட்ட ஓர் இடம். போகிறோமா, மிதந்தபடி நிற்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு மணி, இன்னொரு மணி. இப்படியே உலகம் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம்போல் இருந்தது.

இரண்டாம் பத்தின் நடுவில் குளிர்காற்று ஒன்று அடியிலிருந்து தூக்கிப் போட்டது. இடது கன்னம் சில்லென்றது. கம்பிகள் கீச்சிட்டன. மந்திரம் பாதியில் அறுந்தது.

குழாயில் சத்தமே இல்லை.

திங்கட்கிழமைத் தனிப்பயணம் போய்விட்டது என்று நினைத்தான். பிறகு, தூங்கும் குழந்தையைத் திருப்பிக் கிடத்துவதுபோல் தடியை மெல்ல அசைத்தான். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கீச்சுத் தணிந்தது. கன்னங்கள் இரண்டும் ஒன்றாகின. விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தான்.

"ஆமென்."

"நூல் பிடிச்ச மாதிரிப் போனாய் ராசா" என்றார் சிவானந்தம்.

விமானம் தரையில் நின்றதும் கத்தரின் ஓடிவந்தாள். "நீங்கள் பிடிக்கேல்லைத்தானே? உங்கடை பிள்ளையாராணைச் சொல்லுங்கோ அண்ணை!"

"பிள்ளையாராணை. உங்கடை மாதாவாணையும்."

அருமைராசா இறங்கி நின்றான். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கத்தரின் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைப் பிரம்பை எடுத்து விரித்து அவன் கையில் கொடுத்தாள். மன்னாரில் ஷெல் விழுந்து அவனுடைய கண்ணிரண்டும் போன நாளிலிருந்து ஒரு நாளும் விடாமல் பிடித்துவந்த முழங்கையை, இன்று பிடிக்காமல் பின்னால் நடந்தாள்.