நான்கு முதல் ஐந்து வரை

விசில் பி.டி. மிஸ்ஸின் உதட்டில் இருந்தது. ஊதவில்லை.

மைதானத்தின் நடுவில் ஆதிரை விழுந்து கிடந்தாள். முழங்கையில் இரத்தம். தள்ளிவிட்ட ரிஸ்வான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தான் ஆற்றில் மூழ்கவே இல்லை என்று ஊருக்கே கேட்கும்படி வாதாடிக்கொண்டிருந்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பெற்றோர்கள் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். முன்னால் தாளாளர். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி.

பதினெட்டு வருடமாக மிஸ்ஸுக்கு இதுதான் வேலை. எங்கே சண்டை என்றாலும் விசில் தானாகவே வாய்க்குப் போய்விடும். ஒரே ஒரு ஊதல் போதும், முப்பது பிள்ளைகளும் விறைத்து நின்றுவிடுவார்கள். வந்தவர்களுக்கும் பார்க்க நன்றாக இருக்கும்.

கோடை முகாமின் கடைசி நாள் அது.

முகாமின் கால அட்டவணையில் ரோபோ வகுப்பு இருந்தது. அபாகஸ் இருந்தது. மேடைப் பேச்சு இருந்தது. மண்ணைத் தொடுவதற்குக்கூட ஏ.சி. அறையில் களிமண் வகுப்பு என்று ஒன்று இருந்தது. நான்கு முதல் ஐந்து வரை உள்ள கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொல்லி அடம்பிடித்து வாங்கியவள் அவள். பிள்ளைகளை வெளியே விடுவோம், என்ன வேண்டுமானாலும் விளையாடட்டும், நான் ஓரமாக நிற்கிறேன் என்றாள். சும்மா விடுவதற்கா பெற்றவர்கள் அனுப்புகிறார்கள் என்று தாளாளர் சிரித்தார்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். முகாம் முடியும் நாளில் அந்த ஒரு மணி நேரத்துக்கென்று காட்ட ஏதாவது இருந்தால், அடுத்த வருடமும் உண்டு. இல்லாவிட்டால் கீபோர்டு வகுப்பு.

முதல் நாள், போய் விளையாடுங்கள் என்றாள். பிள்ளைகள் உயர வரிசையில் நின்றார்கள்.

நின்றுகொண்டே இருந்தார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆதிரை வந்து, அடுத்து என்ன மிஸ் என்று கேட்டுவிட்டு மறுபடி வரிசைக்குப் போனாள். வீட்டுக்குப் போகும் வழியில் மிஸ்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகளுக்காகவா, வரிசையைக் கற்றுக்கொடுத்த தனக்காகவா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் யாரோ செங்கல் துண்டால் தரையில் கோடு இழுத்தார்கள். நான்காம் நாள் பக்கத்தில் இன்னொரு கோடு வந்தது, இரண்டுக்கும் நடுவில் ஆறு ஓடியது. அதற்குப் பிறகு அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆதிரையின் அம்மா இப்போது வேகமாக முன்னால் வந்தாள். வெயிலிலும் புழுதியிலும் விட வேண்டாம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருந்த அம்மா.

மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

“ரெண்டே நிமிசம் பொறுங்கம்மா. அவங்களே பாத்துக்குவாங்க.”

சொல்லிவிட்டு விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

பிள்ளைகள் வட்டமாகக் குந்தினார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஆதிரையின் முழங்கையில் ஊற்றினான். ஒருத்தி கைக்குட்டையைக் கட்டினாள். ஏதோ பேசினார்கள். கை தூக்கினார்கள். எண்ணினார்கள். ரிஸ்வான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அப்புறம் ஆதிரை ஏதோ சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது.

எழுந்து போய் ஆற்றுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டான். தள்ளிவிட்டவன்தான் இனி பாலம்.

முதலில் அவனைத் தொட்டுக்கொண்டு அக்கரைக்குத் தாவியவள் ஆதிரை. அவளுடைய அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பழக்கிய கபடி அணி மாநிலக் கோப்பையைத் தூக்கியபோதுகூட இப்படி இருந்ததில்லை. அந்த அணிப் பெண்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள் அவள். இதில் அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமே இல்லை.

பெற்றோர்கள் மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று ஒருவர் பணிவாகக் கேட்டார்.

தாளாளர் அட்டவணைத் தாளோடு மைதானத்துக்குள் நடந்து வந்தார். பேனாவைத் திறந்தார். அடுத்த வருடத்துக் கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும், இந்த விளையாட்டுக்குப் பெயர் என்ன, விதிமுறை என்ன என்று கேட்டார்.

கோகோவிலிருந்து கூடைப்பந்துவரை எல்லா விதிமுறையும் அவளுக்கு மனப்பாடம். நடுவர்களே அவளிடம் சந்தேகம் கேட்பார்கள்.

“தெரியலீங்க சார்.”

தலை நிமிர்ந்துதான் சொன்னாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆதிரை ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. கைக்குட்டை அவிழ்ந்து தொங்கியது.

“சார், நீங்க ஆத்துக்குள்ள நிக்கிறீங்க.”

தாளாளர் குனிந்து பார்த்தார். காய்ந்த செம்மண். காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கோணல்மாணலாக இரண்டு கோடுகள்.

ஆதிரை காத்திருந்தாள். முப்பது பிள்ளைகளும் காத்திருந்தார்கள். பாலம்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவர் பேனாவை மூடினார். கட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டார். பிறகு, வழுக்கிவிடாமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கரையேறினார்.